ஜூலை மழையில் காக்கா, நரி, வடை: ஒரு பிறந்தநாள் கப்கேக் நிகழ்வு ஆய்வு

என் தங்கை மகளுக்குப் போன ஜூலையில் 4 வயது முடிந்தது. மும்பையில் செம்பூர் சேடா நகரில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடி சொசைட்டியின் ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குப் பார்ட்டி, 2 வயதிலிருந்து 6 வயது வரை 22 குழந்தைகள், கூடவே அவர்களின் அம்மா அப்பாக்கள். கப்கேக் என் பொறுப்பு. ஐந்தாறு வருடமாக எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான்தான் செய்து கொடுக்கிறேன், விற்பதற்காகச் செய்வதில்லை. டிவி கார்ட்டூனில் வரும் ஏதாவது ஒரு முகத்தைத்தான் கேட்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். "பெரியம்மா, எனக்கு காக்கா வேணும். வடை திருடின காக்கா. நரியும் வேணும்" என்றாள். திருநெல்வேலியிலிருந்து எங்கள் அம்மா தினமும் ராத்திரி வீடியோ காலில் சொல்லும் கதை அது. நரி வடையைக் கவ்விக்கொண்டு ஓடும் இடத்தில் தினமும் அழுவாளாம், மறுநாளும் அதே கதையைத்தான் கேட்பாளாம்.

ஒத்திகைக்காக நான் செய்த முதல் தட்டு மொத்தமும் கெட்டுப்போனது. பார்ட்டிக்குச் செய்தது நன்றாக வந்தது. இடையில் இரண்டு வாரம்தான், அதற்குள் என் கைத்திறன் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. முதல் முறை நெட்டில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்துத் திட்டம் போட்டேன், இரண்டாம் முறை மும்பை மழையையும் ஜன்னல் கம்பியில் உட்காரும் நிஜக் காக்காவையும் சாப்பிடப்போகிற பிள்ளையின் வாயையும் பார்த்துத் திட்டம் போட்டேன். என்ன செய்தேன், எது ஏன் கெட்டது என்பதை அளவுகளோடு எழுதுகிறேன், வீட்டில் செய்கிற யாருக்காவது உதவும்.

ஒத்திகை

படத்தில் இருந்த காக்கா பளபளவென்று கறுப்பு. மஞ்சள் மூக்கு, பெரிய வெள்ளைக் கண், உடம்பு முழுக்க ஃபாண்டன்ட். ஃபாண்டன்ட் என்பது சர்க்கரை, குளுக்கோஸ், கிளிசரின், ஜெலட்டின் சேர்த்துப் பிசைந்த மாவு, சப்பாத்தி போலத் திரட்டி வெட்டி ஒட்டலாம். நரி நல்ல ஆரஞ்சு நிறம், வெள்ளைக் கன்னம், கூர்மையான காது. க்ராஃபர்ட் மார்க்கெட் போய் வெள்ளை ஃபாண்டன்ட், கறுப்பு ஜெல் கலர், ஆரஞ்சு ஜெல் கலர், சர்க்கரைக் கண்கள் எல்லாம் வாங்கி வந்தேன். வியாழக்கிழமை ராத்திரி 12 கப்கேக்குக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டி முடிக்கும்போது மணி 1. ராத்திரி பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தன. மிட்டாய்க் கடை அட்டைப்பெட்டியில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மாடுங்காவிலிருந்து டாக்ஸியில் செம்பூர் போனேன். வெளியே தூறல். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தபோது 12 கப்கேக்கும் வியர்த்திருந்தன. மேலே முத்து முத்தாகத் தண்ணீர், கறுப்புச் சாயம் இறங்கி அடியில் இருந்த வெள்ளை ஐசிங்கில் கோடு கோடாக ஓடியிருந்தது, சர்க்கரைக் கண்ணின் கருவிழி கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது, மூக்கு தொங்கிவிட்டது. அட்டைப்பெட்டியின் அடிப்பகுதி ஊறிப்போய்த் தூக்கும்போதே வளைந்தது. மேல்மாடிப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொன்று கொடுத்தோம், சாப்பிட்டு முடித்ததும் உதடு, பல், நாக்கு எல்லாம் கறுப்பு. அதில் ஒரு குழந்தை கண்ணாடியைப் பார்த்து அழுதேவிட்டது.

பிறந்தநாள் பாப்பா ஒரு காக்காவைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இது காக்கா இல்ல" என்றாள். ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கம்பியில் உட்கார்ந்திருந்ததைக் காட்டி, "பாரு, அதுக்கு இங்க வேற கலரு" என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். நரியைக் கேட்டேன். "பூனை" என்றாள்.

எது ஏன் கெட்டது

வியர்வையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மும்பையிலும் சென்னையிலும் கொச்சியிலும் வீட்டில் கேக் செய்கிற எல்லோரையும் இது ஒரு முறையாவது அழவைத்திருக்கும். மும்பையில் ஜூலைதான் அதிக மழை பெய்யும் மாதம், சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தின் சராசரியே 800 மில்லிமீட்டருக்கு மேல். அந்த மாதத்தில் வெப்பம் 29 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றில் இருக்கும் ஈரம் தண்ணீராகப் படியும். ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது 4, 5 டிகிரி. அங்கிருந்து எடுத்த கப்கேக் 25 டிகிரியைத் தாண்டும் வரை தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஐஸ் வாட்டர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளியே நனைவது போலத்தான். டம்ளரைத் துடைத்துவிடலாம். ஃபாண்டன்ட்டின் மேல் விழுந்த தண்ணீர் சர்க்கரையைக் கரைத்து, சாயத்தையும் கூட்டிக்கொண்டு ஓடும். போதாததற்கு ஃபாண்டன்ட்டைக் காயாமல் வைக்கச் சேர்க்கும் கிளிசரினே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியது. வறண்ட குளிர்நாட்டில் காய்ந்து விறைப்பாக நிற்கிற மூக்கு இங்கே மழைக்காலத்தில் நிற்காது. சிஎம்சி என்ற கெட்டியாக்கும் பவுடர் சேர்த்துப் பிசைந்தால் கொஞ்சம் விறைக்கும் என்பது உண்மைதான், அதையும் சேர்த்திருந்தேன், ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வந்த பிறகு அது ஒன்றும் காப்பாற்றவில்லை.

அட்டைப்பெட்டி இன்னொரு தவறு. ஃப்ரிட்ஜில் வைப்பதே தப்பு என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படிச் சொல்லமாட்டேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, வெளியே எடுத்த பிறகு திறக்காமல் அப்படியே முக்கால் மணி, ஒரு மணி நேரம் விட்டால் தண்ணீர் பெட்டியின் வெளிப்பக்கம்தான் படியும், உள்ளே இருப்பது காய்ந்தபடியே வெதுவெதுப்புக்கு வந்துவிடும். அட்டை காற்றையும் விடும், தண்ணீரையும் குடிக்கும்.

அடுத்தது நிறம். வெள்ளை ஐசிங்கையோ வெள்ளை ஃபாண்டன்ட்டையோ அட்டைக்கறுப்பாக்க ஏகப்பட்ட சாயம் பிடிக்கும். கால் கிலோவுக்கும் குறைவான மாவுக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் போட்டும் முதலில் நீலம் கலந்த சாம்பலாகத்தான் நின்றது. அவ்வளவு சாயம் போட்டால் கசக்கும், வாயில் ஒட்டும். நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதித்திருக்கும் செயற்கைச் சாயங்கள் 8: டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர், எரித்ரோசின், இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் ப்ளூ, ஃபாஸ்ட் கிரீன். கேக், பிஸ்கட், மிட்டாய் வகைகளில் பொதுவாக 100 பிபிஎம் வரைதான், அதாவது ஒரு கிலோவுக்கு 0.1 கிராம் சாயம். கடைக்காரருக்கு இந்த வரம்பைச் சோதிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள், என் சமையலறையில் நான் எத்தனை சொட்டு விடுகிறேன் என்று பார்க்க யாரும் இல்லை, அதனால் நானேதான் பார்க்க வேண்டும். 2007இல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 வயது, 8-9 வயதுக் குழந்தைகளுக்குச் சில சாயக் கலவைகளைப் பானத்தில் கொடுத்துப் பார்த்ததில் துறுதுறுப்பு சற்று கூடியது தெரிந்தது. அந்தப் பானத்தில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் இருந்தது, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இல்லை, விளைவும் பெரிதில்லை. ஆனாலும் 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் கலவைகளில் இருந்த 6 சாயங்களில் ஒன்று இருந்தால்கூடப் பாக்கெட்டில் எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும். அந்த ஆறில் நான்கு நம் பட்டியலிலும் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயை ரோடமின் பி என்ற துணிச்சாயத்துக்காகத் தடை செய்த செய்தி வந்ததிலிருந்து எங்கள் அம்மா போனில் பேசும்போதெல்லாம் கலர் போடாதே என்பார். ரோடமின் உணவுச் சாயமே இல்லை, இரண்டும் வேறு வேறு என்று எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். ஆனால் கறுப்புப் பல்லோடு அழுத அந்தக் குழந்தையைப் பார்த்த பிறகு அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று பட்டது.

மூன்றாவது, ஜெலட்டின். அந்த மாடியில் பாதிக்கு மேல் குஜராத்திக் குடும்பங்கள், அதில் ஜைனர்கள் மூன்று வீடு. முட்டை கூடாது என்பது நினைவிருந்ததால் கேக்கை முட்டையில்லாமல்தான் செய்தேன். ஜெலட்டின் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது என்பது எனக்குத் தெரியும், ஃபாண்டன்ட்டில் அது இருக்கிறது என்றும் தெரியும், இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தவறிவிட்டேன். தங்கைதான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல பச்சைப் புள்ளி இல்லியே" என்றாள். ஜெலட்டின் இல்லாத பச்சைப் புள்ளி ஃபாண்டன்ட்டும் கடையில் கிடைக்கிறது. ஒத்திகையில் கண்டுபிடித்தது எங்கள் நல்ல நேரம், பார்ட்டியில் ஒரு குழந்தை சாப்பிட்ட பிறகு தெரிந்திருந்தால் அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன்?

கடைசியாக, பாப்பா சொன்னது. படத்தில் இருந்த காக்கா வேறு ஊர்க் காக்கா. நம் வீட்டுக் காக்காவுக்குத் தலையும் இறக்கையும் வாலும்தான் கறுப்பு, கழுத்தும் நெஞ்சும் சாம்பல். உடம்பெல்லாம் கறுப்பாக இருப்பது அண்டங்காக்கா. கதையில் வடை திருடுவது திண்ணை ஓரம் வந்து உட்காருகிற வீட்டுக் காக்காதானே. நரியும் அப்படித்தான். ஆரஞ்சு உடம்பும் வெள்ளைக் கன்னமும் மேல்நாட்டுச் சித்திரப் புத்தக நரி. நம் ஊர்க் காட்டோரத்தில் ஊளையிடுவதோ மணலும் பழுப்பும் கலந்த நிறம், அங்கங்கே கொஞ்சம் கறுப்பு மயிர். ஊர்க் காக்காவையும் நரியையும் வரைந்துகொண்டு பார்த்தேன், எனக்குச் சாயமே கிட்டத்தட்டத் தேவைப்படவில்லை. காக்காவின் கறுப்புக்குக் கறுப்புக் கோகோ போதும். நரியின் பழுப்புக்குக் கொஞ்சம் கோகோவும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் போதும், மஞ்சளின் நிறம் கொழுப்பில் நன்றாகக் கரையும், வெண்ணெயில் சீராகப் பரவும், அந்த அளவில் வாசனை தெரியாது. இவ்வளவு நாளும் நான் செய்த கப்கேக்குகளில் எத்தனை சாயத்தைத் தேவையில்லாமல் போட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

மாற்றிய திட்டம்

கேக்: மைதா 190 கிராம், கெட்டித் தயிர் 250 கிராம், சர்க்கரை 150 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், ஆப்பசோடா அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன். தயிரையும் சர்க்கரையையும் கரைத்து, பேக்கிங் பவுடரும் சோடாவும் சேர்த்து 5 நிமிடம் விட்டால் நுரைத்து வரும், பிறகு எண்ணெயும் வெனிலாவும், கடைசியில் சலித்த மைதா. மைதா போட்ட பிறகு அதிகம் அடிக்கக் கூடாது, ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஒத்திகையில் பேப்பர் கப்பில் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி 180 டிகிரியில் சுட்டபோது 12 வந்தது, நடுவில் குன்று போல எழும்பி வெடித்தது. இந்த முறை பாதி மட்டும் ஊற்றி ஓடிஜி என்ற சின்ன மின் அவனில் 165 டிகிரியில் 22 நிமிடம் வைத்தேன், ஒரு கலவைக்கு 16 வந்தது, மேல்பக்கம் தட்டையாக, கப்பின் விளிம்புக்குக் கீழேயே நின்றது. முகம் வரையத் தட்டையான இடம்தான் வேண்டும். விளிம்புக்குக் கீழே இருந்தால் பெட்டியில் ஒன்றோடொன்று இடித்தாலும் முகம் கலையாது. இரண்டு கலவை, 32 கப்கேக்.

பாதி ஊற்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பழைய அளவில் ஒரு கப்கேக்கின் கேக்கில் 12 கிராம் சர்க்கரை, மேலே சுழற்றிச் சுழற்றிப் பிழிந்த 45 கிராம் ஐசிங்கில் 30 கிராம், மொத்தம் 40 கிராமைத் தாண்டிவிடும். 2 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குச் சேர்த்த சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016இல் சொன்னது. புதிய அளவில் கேக்கில் 9 கிராம், 24 கிராம் ஐசிங்கில் 16 கிராம், ஆக 25. அதுவும் குறைவில்லை, ஒரு நாள் பங்கு ஒரே கப்பில் முடிகிறது, அதனால் பார்ட்டியில் ஜூஸை எடுத்துவிட்டு மோரும் தண்ணீரும் வைக்கச் சொன்னேன்.

ஐசிங்: உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், ஐசிங் சுகர் 500 கிராம், பால் இரண்டு டேபிள்ஸ்பூன். 32 கப்புக்குச் சரியாக இருந்தது. வெண்ணெயைத் தனியாக 5 நிமிடமாவது அடித்தால் மஞ்சள் வெளுக்கும், வாங்கிய வெண்ணெயே மஞ்சளாக இருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். சாதாரணமாக பிரெட்டுக்குத் தடவும் உப்பு வெண்ணெயை எடுத்துவிட வேண்டாம், சர்க்கரையோடு அந்த உப்பு முன்னால் வந்து நிற்கும். ஐசிங் சுகரை மிக்ஸியில் நானே அரைப்பதும் உண்டு, அப்போது கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவு சேர்த்து இரண்டு முறை சலிப்பேன், இல்லாவிட்டால் நாக்கில் நறநறக்கும். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினால் உருகத் தொடங்கும், 28லேயே தளர்ந்துவிடும், கைச்சூடு அதைவிட அதிகம். ஆகவே ஏசியை 24இல் வைத்துக்கொண்டு, ஐசிங் பிழியும் பைப்பிங் பேக்கில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பி, தளர்ந்தால் 5 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து வைத்து வேலை செய்தேன்.

மூக்கு, காது, கண் எல்லாவற்றையும் சாக்லேட் காம்பவுண்டுக்கு மாற்றினேன். இது கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்புச் சேர்த்தது, உருக்கினால் போதும், தானாக இறுகிவிடும். கொழுப்பு என்பதால் சர்க்கரை மாவு போல ஈரத்தை இழுக்காது. கறுப்புக் காம்பவுண்டை பட்டர் பேப்பரில் மெல்லியதாகப் பரப்பி, பாதி இறுகும்போது கத்தியால் முக்கோணம் முக்கோணமாகக் கீறினால் காக்கா மூக்கு. வெள்ளையும் கறுப்பும் கலந்தால் டீ நிறம், அது நரிக் காது. நரியின் உடம்புக்கு 233 நம்பர் நாசில், அந்தப் பையின் நுனியில் மாட்டுவது, பல ஓட்டைகள் உள்ளது, மயிர் மாதிரி பிழியும். வடை மட்டும் பால் பவுடர், ஐசிங் சுகர் சம அளவு எடுத்துக் கண்டென்ஸ்டு மில்க் விட்டுப் பிசைந்தது, துளி கோகோ தொட்டு மேலே தேய்த்ததும் பொன்முறுவலாக ஆனது, சீப்பின் பின்பக்கத்தால் நடுவில் ஓட்டை. முந்திரி மாவில் செய்திருந்தால் இன்னும் அழகாக வந்திருக்கும், வரப்போகிற ஒரு குழந்தைக்கு முந்திரி ஒவ்வாது என்று தங்கை முன்கூட்டியே எல்லா அம்மாக்களிடமும் கேட்டு வைத்திருந்ததால் அதை விட்டேன். பல்குச்சி, முழு நட்ஸ், உருண்டையான கெட்டி மிட்டாய், வெள்ளி மணிகள், மினுக்குத் தூள் எதுவும் வைக்கவில்லை. 5 வயதுக்குக் கீழே தொண்டையில் சிக்கும். மினுக்குத் தூளில் நச்சில்லாதது என்று எழுதியிருந்தால் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை, சாப்பிடத் தக்கது என்று தனியாக எழுதியிருக்க வேண்டும்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். குழந்தைகள் முதலில் பார்ப்பது கண்ணைத்தான். கண்ணை மேலே நெருக்கமாக வைத்தால் பெரிய ஆள் மாதிரி, சில சமயம் பயமாகக்கூட இருக்கும். முகத்தின் பாதிக்குக் கீழே, தள்ளித் தள்ளி வைத்தால் குட்டி மாதிரி ஆகிவிடும். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி இல்லாவிட்டால் உயிர் இருக்காது. இந்தக் கதைக்கு நான் செய்தது, காக்காவின் கருவிழியைக் கீழே பார்க்க வைத்தேன், நரியின் கருவிழியை மேலே பார்க்க வைத்தேன். தட்டில் நரிகளைக் கீழ் வரிசையிலும் காக்காக்களை மேல் வரிசையிலும் அடுக்கினால் வடைமேல் நரிக்கு இருக்கும் ஆசை அப்படியே தெரிகிறது. என் மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்தது இதுதான், இதற்குக் கூடுதலாக ஒரு பைசா செலவில்லை, மற்ற எதையும் எளிமையாக்கிக்கொள்ளலாம், கண்ணுக்கு மட்டும் நேரம் கொடுங்கள்.

பார்ட்டி நாள்

வியாழன் ராத்திரியே கண், மூக்கு, காது, வடை எல்லாம் தயார். வடை நல்லவேளையாக நிறையவே உருட்டியிருந்தேன், காக்காவுக்கு வேண்டியது 16, கையில் 38 இருந்தது. வெள்ளி ராத்திரி கேக் சுட்டு, முழுக்க ஆறிய பிறகு டப்பாவில். சனி காலை 9 மணிக்கு ஐசிங், 10க்கு ஆரம்பித்து 12.30க்கு 32 முகம் முடிந்தது. காக்காவுக்கு நாசில்கூட எடுக்கவில்லை, கறுப்புக் கோகோ ஐசிங்கைத் தடவிக் கரண்டி நுனியால் இழுத்துவிட்டால் இறகு. நரிதான் கையை ஒடித்தது, 16 நரிக்கு மயிர் பிழிந்து முடிக்கையில் கட்டைவிரல் மரத்துவிட்டது.

குழி வைத்த பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கி, முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜ். 2 மணிக்குக் கிளம்ப வேண்டியது, மழை வலுத்து கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட் பக்கமும் வழக்கம்போலத் தண்ணீர் தேங்க ஆரம்பித்துவிட்டது, டாக்ஸி கிடைத்தது 2.30க்கு. சயான் தாண்ட மட்டும் 40 நிமிடம். பெட்டிக்கு அடியில் அலமாரியில் விரிக்கும் ரப்பர் ஷீட்டைப் போட்டிருந்தேன், அது வழுக்கவிடாது. ஆனாலும் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது மடியில் வைத்திருந்த மேல் பெட்டி சாய்ந்து மூன்று காக்கா மூடியில் முட்டிக்கொண்டன. இறகு கலைந்தது, மூக்கு ஒன்று உடைந்தது. அங்கே போய்க் கரண்டி நுனியால் மறுபடி இழுத்துவிட்டதும் கலைந்த இறகு போலவே ஆகிவிட்டது. உதிரி மூக்கு, உதிரி கண், ஒரு சின்னப் பையில் ஐசிங் எடுத்துப் போவதை நான் எப்போதும் விடுவதில்லை.

3.40க்குப் போய்ச் சேர்ந்தோம். பெட்டியைத் திறக்க எல்லோரும் ஆசைப்பட்டார்கள், 4.30 வரை திறக்கவிடவில்லை. வெளிப்பக்கம் தண்ணீர் வழிந்தது, துடைத்துவிட்டுத் திறந்தேன், உள்ளே ஒரு சொட்டு இல்லை. அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பாப்பா வந்து பார்த்தாள். காக்காவின் கழுத்தை விரலால் தொட்டாள். "காக்கா" என்றாள், அவ்வளவுதான்.

ஆனால் கேக் வெட்டி முடிந்து கப்கேக் கொடுக்கும்போது நான் யோசிக்காத ஒன்று நடந்தது. எல்லோருக்கும் காக்காதான் வேண்டும். நரியை யாரும் தொடவில்லை. நரி நன்றாக இல்லை என்பதால் இல்லை, காக்காவின் வாயில் வடை இருக்கிறது, நரியிடம் இல்லை, 4 வயதுப் பிள்ளைக்கு இது பச்சை அநியாயம். இரண்டு பேர் ஒரே காக்காவைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள், ஒரு பையன் நரியைத் திருப்பி வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். 22 குழந்தைக்கு 16 காக்கா போதாது. கையில் மிச்சம் இருந்த 22 வடையிலிருந்து எடுத்து ஒவ்வொரு நரியின் வாயிலும் ஒன்று செருகினேன். கதைப்படியும் அது சரிதான், கடைசியில் வடை நரியிடம்தானே போகிறது. உடனே நரிக்கும் வரிசை வந்துவிட்டது. இரண்டு பாத்திரம் வைத்தால் இரண்டுக்கும் ஒரே பொருளைக் கொடுக்க வேண்டும், அல்லது பாத்திரம் ஒன்றே போதும், இதை அடுத்த முறை ஆரம்பத்திலேயே முடிவு செய்வேன்.

சாப்பிட்ட விதத்தையும் கவனித்தேன். 2, 3 வயதுக்காரர்கள் முதலில் கண்ணைப் பிடுங்கித் தின்றார்கள், பிறகு ஐசிங்கை நக்கினார்கள், கேக்கைப் பாதிக்கு மேல் விட்டார்கள். 5 வயதுக்கு மேல் உள்ளவர்கள் கேக்கையும் முடித்தார்கள். பல் கறுக்கவில்லை, கோகோவின் பழுப்பு மோர் குடித்ததும் போய்விட்டது. ஜைன வீட்டு அம்மா ஒருவர் என்னிடம் வந்து ஒவ்வொரு பொருளாகக் கேட்டார், சொன்னேன், அவருடைய மகன் இரண்டாவதும் எடுத்துக்கொண்டான்.

குறை என்று இரண்டு உண்டு. பால் பவுடர் வடை 6 மணிக்குள் மேல்பக்கம் பிசுபிசுக்க ஆரம்பித்தது, அதுவும் சர்க்கரை மாவுதானே, அடுத்த முறை அதையும் காம்பவுண்டிலேயே செய்து பார்ப்பேன். இன்னொன்று, காக்காவின் கழுத்துச் சாம்பல். வெள்ளை ஐசிங்கில் குண்டூசி முனையளவு கறுப்பு ஜெல் தொட்டுக் கலந்தேன், பார்ட்டிக்கு முழுக்க நான் தொட்ட ஒரே சாயம் அதுதான். கலந்தபோது சாம்பல், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கத்தரிப்பூ நிறம். கறுப்பு ஜெல் பல சாயங்களின் கலவை, கொஞ்சமாகப் போடும்போது அதில் எது தூக்கலோ அது வெளியே தெரிந்துவிடுகிறது. கால் டீஸ்பூன் கோகோ போட்டு மங்கவைத்துச் சமாளித்தேன், ஆனால் கடைசி ஐந்து காக்காவுக்கு மட்டும்தான் அந்த நிறம் சரியாக வந்தது. அக்டோபரில் பாப்பாவின் தம்பிக்கு 2 வயது. அவன் தெளிவாகச் சொல்கிற ஒரே வார்த்தை யானை. அக்டோபரில் மும்பையில் மழை குறைந்துவிடும், வெயில் கொளுத்தும், வெண்ணெய் தளரும், அது வேறு தலைவலி. சாம்பலை மட்டும் இப்போதே சின்னச் சின்னக் கிண்ணத்தில் கலந்து, ஒரு ராத்திரி வைத்துப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.